குறுப்பின் வியர்வை

மாவேலிக்கரைப் பக்கம் திருவிழா வந்தால் விடிவதற்குள் ஒலிபெருக்கி கத்தத் தொடங்கிவிடும். பாட்டுக்கு முன்னால் ஒரு முரட்டுக் குரல் வரும்: "இது புருஷோத்தமக் குறுப்பின் வியர்வை. நகலெடுப்பவன் கள்ளன்." அதற்குப் பிறகுதான் பகவதி வருவாள்.

குறுப்பு மின்வாரியத்தில் லைன்மேன். பக்திப் பாட்டு எழுதி, வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, சிடி போட்டு, கோயில் வாசலில் தானே நின்று விற்பார். நான் அவருக்குத் தபலா. பாட்டைவிட அந்த எச்சரிக்கையைத்தான் திரும்பத் திரும்பப் பதிவு செய்வார். அத்தனை ரோஷம்.

கம்ப்யூட்டரை எறணாகுளத்தில் வாங்கியபோது நானும் கூடப் போயிருந்தேன். "சாஃப்ட்வேர் சகலமும் ஏத்தியிருக்கேன் சேட்டா. இன்டர்நெட்ல மட்டும் சேர்த்துடாதீங்க" என்றான் கடைக்காரன். வைரஸுக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்து, இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷம்நாத், குறுப்பின் புதுப் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி விற்றான். குறுப்பு வியாபாரிகள் சங்கத்தில் புகார் கொடுத்தார். ஊரார் முன்னால் அவன் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று நின்றார். பாட்டு தன் வீட்டில் பிறந்ததற்குச் சாட்சியாகக் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சங்கக் கூடத்துக்கு வந்தார்.

சங்கச் செயலாளருக்குக் கண்ணில் படுகிற வயரையெல்லாம் செருகிவிடும் பழக்கம் உண்டு. இன்டர்நெட் வயரையும் செருகினார். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. மூலையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. செயலாளர் வாய்விட்டே மொழிபெயர்த்தார்: "இந்த விண்டோஸ் அசல் இல்ல. நீங்க போலிக்குப் பலியாகியிருக்கலாம்."

"பலியா? சேட்டனா?" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது.

குறுப்பு அவசரமாகப் பதிவு மென்பொருளைத் திறந்தார். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பூட்டை உடைத்துப் பரப்பிய ஏதோ ஒரு கள்ளக் கூட்டத்தின் வாயில் நுழையாத பெயர் இருந்தது. ஷம்நாத் எட்டிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"சேட்டா, இது யாரோட வியர்வை?"

குறுப்பு வயரைப் பிடுங்கினார். ஆட்டோவில் வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கடையில் தலையாட்டியவன்தானே நானும்.

அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் அவர் வரவில்லை. கம்பத்தில் ஏறினால்கூட, கீழே யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று எண்ணினார். கடைசியில், பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பிரசன்னகுமாரி டீச்சரை அவரே கூப்பிட்டார். டீச்சர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். லைசன்ஸ் ஸ்டிக்கர் இல்லை. பில்லைப் பார்த்தார், அதில் ஒரு மென்பொருளின் பெயரும் இல்லை.

"அத்தனையும் திருட்டு, ஆசானே. காசு குடுத்து வாங்குங்க. இல்லேன்னா விண்டோஸுக்குப் பதிலா எங்க ஸ்கூல்ல இருக்கற லினக்ஸைப் போடுங்க. பாட்டுப் பதியறதுக்கும் அதுல இருக்கு. எல்லாம் சும்மா."

"சும்மாவா? அப்ப அதுவும் திருட்டுதானே?"

"செஞ்சவங்களே எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. நகலெடுத்து அடுத்தவனுக்கும் குடுன்னு எழுதியே வச்சிருக்காங்க."

முகம் தெரியாத யாரோ தன் வியர்வையை வாரிக் கொடுத்திருக்கிறான் என்பது, சங்கத்துச் சிரிப்பைவிடக் குறுப்பை அதிகமாகக் குனிய வைத்தது.

திருட்டு மென்பொருளையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றினார்கள். பழைய பதிவுகள் அதில் திறக்கவில்லை. திருவிழா நெருங்கிவிட்டது. எல்லாப் பாட்டையும் மறுபடி பாடினார். முதல் பாட்டுக்கு முன் மைக்கில் தொண்டையைச் செருமி, "இது புருஷோத்தமக் குறுப்பின்..." என்றார். மேலே சொல்லாமல் அதையும் அழித்தார். தபலாவைத் தொடங்கும்படி எனக்குக் கைகாட்டினார்.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றதாக ஷம்நாத்திடம் சொன்னார். சண்டைக்குத் தயாராக எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "சிடியைக் குடுங்க சேட்டா. இனி அசலையே விக்கறேன்."

திருவிழாவன்று அவன் போன் செய்தான். குறுப்பு ஸ்பீக்கரில் போட்டார்.

"சேட்டா, வாங்கினவங்கல்லாம் திருப்பிக் கொண்டு வராங்க. பாட்டுக்கு முன்னாடி 'கள்ளன்'னு சொல்ற உங்க குரல் இல்லையாம். டூப்ளிகேட்டுன்னு என்கிட்ட சண்டை போடறாங்க."

குறுப்பு என்னைப் பார்த்தார். காது மடல் வரை சிவந்திருந்தது.

"சொல்லு மோனே," என்றார். "குறுப்போட முதல் அசல் இதுதான்னு சொல்லு."