இரண்டு கதவுகளில் காப்பு

காங்கேயத்தில் நான் வளர்ந்த வீட்டில் கதவை இரவில் மட்டும்தான் சாத்துவோம். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு வந்தபோது கதவைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன். இழுத்துவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். எல்லா மாடியிலும் ஒரே நிறக் கதவு, ஒரே கைப்பிடி. படியேறும்போது மாடியை எண்ணிக்கொண்டே போவேன். வாசலில் கோலம் கூடாது, செடி கூடாது, கட்டடம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் குடியிருப்பதுபோல இருந்தது. அக்கம்பக்கத்தில் யாரையும் நம்பாமல் மாற்றுச் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஊருக்கே போய்விடலாம் என்று கணவரை வாரம் ஒருமுறையாவது நச்சரிப்பேன்.

மார்கழி கடைசி நாள் வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீடு, கிணறு, மாட்டுக் கொட்டகை என்று எல்லா இடத்திலும் காப்புக் கட்டுவோம். கணவர் காந்திபுரத்தில் இரண்டு கட்டு வாங்கி வந்திருந்தார். செயலாளர் என்ன சொன்னாலும் சரி என்று காலையிலேயே ஒன்றைக் கதவில் கட்டினேன். வீட்டு எண் தகட்டின் ஆணியைத் தவிர வேறு ஆணி இல்லை. எண் மறைந்துபோனது. இனி எண் எதற்கு என்று இருந்தது எனக்கு. ஏழு மாதத்தில் முதல்முறையாக அது என் வீட்டுக் கதவாகத் தெரிந்தது.

மிச்சமிருந்த கட்டை என்ன செய்வது? இங்கே கிணறு ஏது? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் கிணறு என்று முடிவு செய்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஒன்றரை வயது மகள் தூளியில் தூங்கினாள். அவளுக்குச் சளி என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தேன். பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மேலே போனேன். தொட்டியில் காப்பைக் கட்டினேன். கொடியில் துணி காய்ந்திருந்தது, அதையும் எடுத்தேன். பால் ஞாபகம் வந்ததும் ஓட்டமாக இறங்கினேன். அன்று மாடியை எண்ணவில்லை. காப்புத் தொங்கிய கதவைக் கண்டதும் நின்று சாவியை நுழைத்தேன்.

சாவி திரும்பவில்லை. மறுபடி முயன்றேன். கதவில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நான் குழாயைத் திறந்து வைக்கவில்லை. என் வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள். ஒரு கரண்டி விழுந்தாலே எழுந்து அழுகிறவளின் குரலையே காணோம். துணியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவை அறைந்தேன்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. கையெல்லாம் சோப்பு நுரையோடு, நான் பார்த்தே இராத ஒரு பெண் நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினேன். அதே ஜன்னல், விட்டத்தில் அதே கொக்கி. தூளி இல்லை. குழந்தை இல்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கி என் பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"அம்மணி, இது மூணாவது மாடிங்க. உங்க ஊடு கீழதானுங்க" என்றார்.

இருவரும் ஓடினோம். என் கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் என் கை தன்போக்கில் சுவிட்சுக்குப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். மகளைத் தூளியிலிருந்து அள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். துவண்டு கிடந்தாள். உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன். அவள் வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் சிலிண்டரை மூடி ஜன்னல்களைத் திறந்துவிட்டார். சாமி விளக்கை நான் அதுவரை ஏற்றாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

பிறகு படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனைமலைக்காரராம். வந்து எட்டு மாதம் ஆகிறதாம், பேச ஆளில்லையாம்.

"காலையில உங்க கதவுல காப்பைப் பாத்தேனுங்க. எனக்கும் நம்ம ஊடுன்னு ஒரு நெனப்பு வரட்டும்னு இப்பத்தான் வாங்கியாந்து கட்டிப்போட்டேன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடங்கியும் போனது. நான் தேடிய அதே நினைப்பைத்தானே அவரும் தேடியிருக்கிறார்.

சாயங்காலம் செயலாளர் வந்து, இதற்குத்தான் எதையும் கட்டக் கூடாது என்றேன் என்றார். இருவரும் சேர்ந்தே மறுத்தோம். எண் தெரியும்படி வேறு ஆணி அடித்து, அவரவர் காப்பை அவரவரே தள்ளிக் கட்டிக்கொண்டோம்.

மறுநாள் ஒரு போசியில் பொங்கல் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். அரிசி டப்பாவிலிருந்த சாவியையும் அவர் கையில் வைத்தேன். அவர் உள்ளே போய், தன் வீட்டின் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.