மஞ்சள் வளையம் போட்ட எல்போ

கடையில் குழாய்க்கு ஒரு எல்போ வாங்கினால், அது புதுசுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்காமல் எனக்கு இப்பவும் ஏலாது. கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

லிங்கநகரில் எங்கள் வீட்டு இரும்புக் குழாய்களைக் கடற்காற்று தின்றுவிட்டது. முழங்கை மாதிரி வளைகிற எல்போக்கள்தான் முதலில் உளுத்துப்போயின. சமைக்கிற குசினிக்குத் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கிணற்றில் அள்ளி வாளியில் சுமப்பது என் வேலையானது. எனக்கு எட்டு வயது. தம்பி போத்தல் பால் குடிக்கிற பிள்ளை.

அம்மாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் துறைமுகப் பக்கமிருந்த மீன் பக்டரியில் வேலை செய்தார்கள். அம்மாவுக்கு மீன் தொட்டி கழுவும் பகுதி. மாமா குழாய் பூட்டுகிறவர்களோடு புதிதாகச் சேர்ந்தவர். அங்கே பழைய லைன் ஒன்றைக் கழற்றி எறிந்தபோது, மாமா அதன் சாம்பல் நிற பிளாஸ்டிக் எல்போக்களை உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போடுகிற மெல்லிய சாமான் இல்லை; தடித்த, பாரமான சாமான். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ற் வளையம் இருந்தது. வடிவில்லை என்று கத்தியால் சுரண்டி எடுத்தார்.

"நான் செத்தாலும் இது உக்காது, பிள்ளை."

அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டி முடித்தார். பைப்பைத் திறந்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர்! தம்பியின் போத்தலை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது அம்மா வந்தார். சுவரோரம் குனிந்து பார்த்தார். ஒரு எல்போவின் வளைவில் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தது. போத்தலை என் கையிலிருந்து தட்டி எறிந்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"எங்கயடா எடுத்தனி இதை?"

"பக்டரியில, அக்கா. சும்மா எறிஞ்சவங்கள். வடிவா அலசிப்போட்டுத்தான் பூட்டினனான். பாருங்கோ, துருவே இல்லை!"

"மஞ்சள் போட்டது அசிட் லைனடா! அசிட்டுக்கெண்டே செய்த சாமான் எப்பிடியடா துருப்பிடிக்கும்? இரும்பைத் தின்னுறது ஓடின குழாயில என்ர பிள்ளைக்குப் பால் கரைக்கவோ?"

"பெயின்ற் சும்மா வடிவுக்கெண்டு நினைச்சன்..."

"மூளையை ஆருக்கடா வித்தனி?"

அம்மா நிலம் தோண்டுகிற அலவாங்கை எடுத்தார். உளுத்த இரும்புக் குழாயென்றால் ஒரே அடி போதும். இது உடையவில்லை. மாமாவைத் திட்டித் திட்டி அடித்தார். கடைசியில் சுவரோடு பெயர்த்து முற்றத்தில் எறிந்தார்.

எனக்கும் கோபம் பொங்கியது. வராது வந்த தண்ணீர். மறுபடியும் வாளியா?

"உங்களுக்கென்ன, சுமக்கிறது நான்தானே!" என்று கத்தினேன்.

அம்மா தோல் உரிந்து வெளுத்திருந்த விரல் நுனிகளை ஊதிக்கொண்டிருந்தார்.

அம்மா எப்போதும் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். பெரிய பக்டரியில் வேலை செய்கிற ஸ்டைல் என்று மாமாவும் நானும் பகிடி பண்ணுவோம். அன்றும் கரண்டியை எடுத்தார். "துரைசாணி" என்று ஆத்திரத்தோடு முணுமுணுத்தேன். அசிட் தின்னாத குழாயைத் தேடித் தேடி வாங்கிப் பூட்டினவர்கள், அதே அசிட்டால் தொட்டி கழுவுகிற கைகளுக்கு ஒரு சோடி உறை வாங்கிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.