பீருக்கு நான் எழுதிய வரி

குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தபோதுதான் அந்த பீர் விளம்பரத்தை எழுதினேன்.

விளம்பரங்களுக்குத் தமிழில் எழுதிக்கொடுப்பது என் தொழில். ஷாம்பு, காப்புறுதி, கைப்பேசி, எதுவானாலும் ஆங்கிலத்தில் வரும். தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் என் வாடகை அறையில் உட்கார்ந்து தமிழாக்கி அனுப்புவேன். அந்தத் தீபாவளிக்கு ஒரு பீர் கம்பெனி, பீரும் விற்கும் சாப்பாட்டுக் கடைகளில் ஒட்டுவதற்கு போஸ்டர் கேட்டது. அவர்கள் அனுப்பிய வரி தமிழில் நிற்கவில்லை. நானே புதிதாக ஒன்று எழுதினேன்: “தீபாவளியன்னிக்கு யாரும் தனியா இருக்கக் கூடாது.” அதன் கீழே நுரை பொங்கும் மூன்று கிளாஸ்கள், சுற்றிலும் கோலம்.

“சூப்பர் லா அங்கிள், எப்படித்தான் யோசிக்கிறீங்களோ!” என்றாள் விளம்பர நிறுவனத்துப் பெண். யோசிக்கவே இல்லை. மனைவியும் மகளும் என்னை விட்டுப் போனதிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. நான் குடிக்கவில்லையே, எழுதத்தானே செய்தேன் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை மாலைகளில், குடியை விட்டவர்களின் கூட்டம் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் நடக்கும். அங்கே எனக்கு ஒரே ஒரு நண்பர். பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் லோரி டிரைவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்டம் முடிந்ததும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் டீக்கடையில், அவருடைய ரயில் நேரம் வரை டீ குடிப்போம். வாரத்தில் நான் ஒரு மனிதரின் முகம் பார்த்துப் பேசியது அந்த நேரம் மட்டும்தான்.

தீபாவளிக்குப் பிறகு மூன்று வாரம் அவர் வரவில்லை. நான்காவது வாரம் முகம் வீங்கி வந்தார். எழுந்து நின்று பேசினார்.

“தீபாவளியன்னிக்கு மத்தியானம் சோறு சாப்பிடக் கடைக்குப் போனேன். வீட்ல யாரு இருக்கா? எதிர்ல செவுத்துல ஒரு போஸ்டர். தீபாவளியன்னிக்கு யாரும் தனியா இருக்கக் கூடாதாம். என்னையே கூப்பிட்டுச் சொன்ன மாதிரி இருந்துச்சி. சோத்தோட ஒரு பாட்டிலும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியல.”

“போஸ்டரா வாயில ஊத்துச்சி?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்ல. கை என்னோடதுதான்” என்றார் அவர்.

மாமாக் கடையில் டீ வரும்வரை பொறுத்திருந்து சொன்னேன். “அண்ணே, அந்த வரிய எழுதினது நான்தான்.”

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் எழுதினியா?”

“பீருக்குன்னு தெரியும்ணே.”

“அதக் கேக்கல. தனியா இருக்கறவன் படிப்பான்னு தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியும். நானும் அப்படித்தானே இருந்தேன்.”

அவர் கிளாஸை மெல்லத் தள்ளிவைத்தார். “நான் குடிச்சதுக்கு நான்தான் பொறுப்பு, தம்பி. உம்மேல பழி போடல. ஆனா உன்கூட உக்காந்து டீ குடிக்க இப்ப முடியல.” ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எழுந்து போய்விட்டார்.

அடுத்த வருடம் அதே பீருக்கு எழுதச் சொல்லி அந்த விளம்பர நிறுவனத்துப் பெண் அழைத்தாள். நான் குடியை விட்டவன், இனி இதை எழுத மாட்டேன் என்றேன். “முன்னாடியே சொல்லியிருந்தா உங்ககிட்ட கேட்டிருக்கவே மாட்டேன், அங்கிள்” என்றாள். உண்மையாகவே வருந்தினாள். ஆனால் வேலை வேறொருவருக்குப் போனது. என் அறைக்குக் கீழேயுள்ள கடையிலும் புதிய போஸ்டர் வந்தது. வாசலுக்கு நேராக இருப்பதையாவது எடுக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டேன். “பிரிட்ஜே பீர் கம்பெனி குடுத்ததுண்ணே, நான் என்ன செய்ய?” என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

நண்பர் அதன்பின் குடிக்கவில்லை. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறார், நான் கடைசியில். பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். இந்தத் தீபாவளிக்குச் சோற்றைப் பொட்டலமாக வாங்கிவந்து அறையிலேயே சாப்பிட்டேன். கிள்ளானுக்குப் போன் செய்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கலாமா என மத்தியானம் முழுவதும் யோசித்தேன். எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, போனைக் கீழே வைத்தேன்.