கண்ணாடிக்குக் கீழே ஒரு படம்

சீகிரியாவிலிருந்து தம்புள்ளைக்கு என்னை ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெளுத்த சட்டை, காதோரம் நரை. வண்டி நின்ற இடத்திலெல்லாம் தோளில் கிடந்த துணியை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த படத்தைத் துடைத்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும், பக்கத்தில் சிரித்தபடி ஒரு வெள்ளைக்காரரும் அதில் இருந்தார்கள்.

"யாருங்க அவரு?" என்று கேட்டேன்.

"ஒரு கிழமை, ஏழு நாளும் என்னோட வண்டியிலதான் சுத்துனாரு. எங்க வீட்டுலதான் சாப்பாடு."

சுற்றுலா வந்தவர்கள் சிலர் வாடகையாகத் தந்த கிரிப்டோ காயின்களை, இவர் மகளின் படிப்புக்கென்று போனில் சேர்த்துவைத்திருந்தார். படத்திலிருந்த அந்த விருந்தாளி அவற்றை விலைக்குக் கேட்டு, இவருடைய ஆன்லைன் கணக்கில் பணம் போட்டார். பணம் வந்ததைப் பார்த்த பிறகே இவர் காயின்களை அனுப்பினார். ஊருக்குப் போனதும் அந்த மனிதர், அந்தப் பணத்தைத் தான் அனுப்பவே இல்லை, தன் கணக்கிலிருந்து வேறு யாரோ அனுப்பியது என்று முறைப்பாடு செய்தார். பணம் அனுப்பும் கம்பனி அதை இவர் கணக்கிலிருந்து திருப்பி எடுத்து அவருக்கே கொடுத்துவிட்டது.

"காயினத் திருப்பிக் கேக்கலையா?"

"கம்பனியில கேட்டேங்க. அவரு போட்ட பணம் திரும்புமாம், நான் அனுப்புன காயின் திரும்பாதாம். வந்த பணம் திரும்பப் போகும்னு யாருக்குத் தெரியும்."

எனக்குத்தான் கோபம் வந்தது. "அந்தாள் படத்த எதுக்கு வச்சிருக்கீங்க? கிழிச்சுப் போடுங்க."

சந்தியில் வண்டி நின்றது. அவர் துணியை எடுத்தார்.

"மகதான் ஒட்டுனா. அவகிட்ட இன்னும் சொல்லலைங்க."

இரண்டு முகங்களையும் ஒரே மாதிரித் துடைத்தார்.