கே என்பவர் எங்கே இருக்கிறார்

வடக்கனந்தல் தெய்வசிகாமணி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருந்தார். அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தபடியே உலகத்தில் எந்த உரிமக்காரரோடும் பேசலாம். உரிமம் இல்லாமல் ஒரு சொல்கூடக் காற்றில் விடக்கூடாது என்பதில் மட்டும் கறாரானவர்.

2013 கோடையில் மகள் பெரியநாயகியைப் பார்க்க ஜெர்மனிக்குக் கிளம்பினார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் குடியிருந்த கூட்டாளி காசிநாதன் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் வரை வந்து வழியனுப்பினார். ஓய்வு பெற்ற கம்பவுண்டர், அவரும் உரிமக்காரர்தான்.

"அங்கேர்ந்து ஒரு தபா உன் குரலு என் செட்டுல கேக்கணும். போன் போட்டா எட்க்க மாட்டேன்."

"பர்மிட்டு வந்தா பேசுறேன் காசி. வராம வாயத் தொறக்க மாட்டேன்."

"தொறக்க மாட்டேன்னு தெரியும். அதான் பயமாக்கீது."

நம் உரிமம் அந்த நாட்டில் தானாகச் செல்லாது. அங்குள்ள அலுவலகத்தில் விருந்தினர் அனுமதி வாங்க வேண்டும். தெய்வசிகாமணி முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தார். மகள் வீட்டில் இறங்கியபோது பதில் காத்திருந்தது. அனுப்பிய உரிமம் கே. தெய்வசிகாமணி என்பவருடையது, விண்ணப்பித்தவரோ திரு. கொளஞ்சியப்பன்; ஆகவே கொளஞ்சியப்பனின் உரிமத்தை அனுப்பவும் என்றிருந்தது.

கொளஞ்சியப்பன் அவருடைய அப்பா. கரும்பு வண்டி ஓட்டியவர். ரேடியோப் பெட்டியின் திருகைக்கூடத் தொடாமலே செத்துப்போனவர்.

"எங்கப்பாவ ஏன் கேக்குறாங்க?"

"பாஸ்போர்ட்டுல குடும்பப் பேருன்னு இன்னா போட்டப்பா?"

"ஏஜென்ட்டு அப்பா பேரப் போடச் சொன்னாரு."

"அதான். இங்க குடும்பப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. ஆபீஸ்ல எனக்கு இன்னா பேரு தெரியுமா? இருசப்பன்."

"உன் மாமனாரா?"

"அவரேதான். திருமதி இருசப்பன்னு கூப்புட்டா நான் எழுந்து போறேன்."

சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. பெரியநாயகி அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போன் செய்து, கே என்பது இனிஷியல், அப்பா பெயரின் முதல் எழுத்து என்று விளக்கினாள். அந்தப் பக்கத்து அதிகாரி பொறுமையானவர். கே என்பவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றாள். அவர் அனுதாபம் தெரிவித்தார். பிறகு, அப்படியானால் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டீர்களா என்று விசாரித்தார்.

"வேணாம்மா, போன வையி. இருக்கறதும் பூடப் போவுது," என்றார் தெய்வசிகாமணி.

அவள் வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினாள், மறுபடியும் பேசினாள். ஊர் திரும்பும் வாரத்தில் அனுமதி வந்தது. அழைப்புக்குறிக்கு முன்னால் அந்த நாட்டின் இரண்டெழுத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. பெயர்: திரு. கொளஞ்சியப்பன்.

"இது யாருக்கு வந்ததும்மா?"

"பாஸ்போர்ட் நம்பரப் பாருப்பா. உன்னுதுதான்."

நம்பர் அவருடையது, பெயர் அப்பாவுடையது. குறிக்கும் புதிதாக ஓர் இனிஷியல் முளைத்திருந்தது. நெடுநேரம் யோசித்தார். சட்டம் நம்பரைத்தான் பார்க்கும் என்று ஒருவாறு முடிவு செய்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறிய செட்டை எடுத்து வைத்து, பால்கனியில் ஏரியல் கம்பியைக் கட்டி, பேசிவைத்திருந்த அலைவரிசையில் கூப்பிட்டார்.

இரைச்சலுக்குள்ளிருந்து வெள்ளிமலை பதில் சொன்னது.

"யாருங்க அது? முன்னால ரெண்டெழுத்து போட்டுக்கினு என் கூட்டாளி குறியச் சொல்றீங்க. அவன் பர்மிட்டு இல்லாம பேச மாட்டான்."

"நான்தான், காசி. பர்மிட்டு வந்துகீது. ஆனா எங்கப்பா பேருக்கு வந்துகீது."



"அப்ப பேசுறது நீயா, உங்கப்பாவா?"

"அதான் எனக்கும் புரியல."

"யாராயிருந்தா இன்னா, நல்லா கேக்குது. பேசு."

தெய்வசிகாமணி மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மலையில் மழை உண்டா என்று கேட்டார்.