பாறை மேல் வைத்த உரல்

இந்திராணி வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு சிவப்பு பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில்தான் பெரிய பெரிய போட்டோக் காகிதங்களை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். வீட்டில் துணி, ஆபீஸில் காகிதம், அலசிக் காயப்போடுகிற பிழைப்பு என்று பக்கத்து வீட்டு பிஷ்ட் மனைவியிடம் சொல்லுவாள். மருந்து வாடை விரலை விட்டுப் போகாது. சோறு பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை அடிக்கும்.

டெல்லியில் ரிட்ஜ் என்று சொல்கிற கரட்டு மேட்டில், முள்மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த ஆபீஸ். பூமி அதிர்வதைப் பதிவு செய்கிற ஆபீஸ். பாறையைக் குடைந்து ஒரு நிலவறை கட்டி, அதற்குள் கருவிகளை வைத்திருந்தார்கள். காகிதம் சுற்றிய உருளை ஒன்று இரவும் பகலும் மெதுவாகச் சுற்றும். அதன்மேல் ஒரு வெளிச்சப் புள்ளி கோடு போட்டுக்கொண்டே போகும். பூமி சும்மா இருந்தால் கோடு நேராக இருக்கும். எங்கேயாவது அசைந்தால் கோடு நடுங்கும். தினமும் காலையில், முந்தின நாள் காலை மாட்டிய காகிதத்தைக் கழற்றி இந்திராணியின் இருட்டறைக்கு அனுப்புவார்கள்.

அவளுடைய வீட்டுக்காரன் பெரியண்ணன் அங்கே ஜீப் ஓட்டியவன். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். இரக்கப்பட்டு அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஆபீஸுக்குப் பின்னால் பாறைச் சரிவில் இரண்டு குவார்ட்டர்ஸ் இருந்தன. ஒன்றில் காவல்காரன் பிஷ்ட், கர்வாலி மலைக்காரன், படுக்கையில் விழுந்துவிட்ட தகப்பனோடும் மனைவியோடும் இருந்தான். இன்னொன்றில் இந்திராணியும் மகள் மீனாக்ஷியும். மீனாக்ஷி லோதி ரோட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது. வீட்டில் தமிழில் திட்டினால் ஹிந்தியில் பதில் சொல்லுகிற பெண். இந்தக் குவார்ட்டர்ஸ் இருந்ததால்தான் அவள் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போக முடிந்தது.

சம்பளம் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். மற்றதற்கெல்லாம் அரிசி மாவு இடித்து விற்கிற காசுதான். டெல்லி மாவு மில்லுக்காரன் ஈர அரிசியைத் தொடமாட்டான். கோதுமை அரைக்கிற கல் அடைத்துக்கொள்ளும் என்று விரட்டிவிடுவான். இடியாப்பத்துக்கும் அதிரசத்துக்கும் ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்த மாவு இல்லாமல் ஆகாது. தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற மோதி பாக் காலனியில் ஜெயலட்சுமி அம்மாள் முதலில் கேட்டாள். அப்புறம் அந்தத் தெருவே கேட்டது. பெரியண்ணன் இருந்தபோது சொந்த ஊரான சின்னசேலத்திலிருந்து லாரியில் வந்த கல்லுரல் இருந்தது. சமையலறையில் வைத்து இடித்ததில் சிமெண்டுத் தரை வெடித்துவிட்டது. ஆகவே அவளும் பிஷ்ட்டும் சேர்ந்து அதை உருட்டிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால், பாறை மொட்டையாகத் தெரிகிற இடத்தில் வைத்தார்கள். அங்கே உரல் அசையவில்லை. போடு போட்ட பலம் முழுக்க அரிசியில் இறங்கியது. தோள்வலி கொஞ்சம் குறைந்ததே என்று இருந்தது அவளுக்கு. விடிவதற்கு முன்னால் எழுந்து இடித்து, சலித்து, சமைத்து, ஆபீஸுக்குப் போகும்போதே அவளுக்குச் சாயங்காலம் ஆனமாதிரி இருக்கும்.

ஆபீஸில் தமிழ் பேச பூவராகவன் ஒருவர்தான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், கல்யாணம் ஆகாத இளம் ஆபீஸர். காகிதம் காய்கிற வரைக்கும் பொறுக்கமாட்டார். ஈரமாகத் தொங்கும்போதே வந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டு பேசுவார். யாரிடம் பேசுகிறோம் என்றுகூட அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை, தமிழில் பேசினால் போதும். இந்திராணி தலையாட்டுவாள். கூச்சத்தில் கேள்வி கேட்கமாட்டாள், ஆனால் ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வாள்.

நாம் நிற்கிற பாறை ஒரு ஓடுதான் என்பார் அவர். அதற்குக் கீழே ரொம்ப ஆழத்துக்குச் சூடான கல். அதுவும் கெட்டிதான், ஆனாலும் ஜூன் மாதத் தார் ரோடு வெயிலில் இளகி நகர்கிற மாதிரி மெதுவாக நகரும். அதற்கும் கீழே உருகின இரும்பு. நடுவில் திரும்பவும் கெட்டி இரும்பு. யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. உலகத்தின் அந்தப் பக்கம் பூமி அதிர்ந்தால் இரண்டு விதமான அலை கிளம்பும். ஒன்று உள்ளே புகுந்து இங்கே வந்து சேரும், இன்னொன்று உருகின இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும். வந்ததையும் வராததையும் வைத்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். மேலே இருக்கிற ஓடும் ஒரே ஓடு இல்லை, துண்டு துண்டு. நம் துண்டு வடக்கே போய்த் திபெத்தை முட்டிக்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு விரற்கடை போகும். போகிற வழியில் சில இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். நகரவேண்டியது நகராமல் நின்றால் அந்தப் பாரம் எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் விட்டுவிடும். அதுதான் பூகம்பம்.

ஒருமுறை மட்டும் இந்திராணி வாய் திறந்தாள்.

"அப்ப சின்னசேலமும் வடக்க வருதுங்களா சார்?"

"வருதே. எல்லாம் சேர்ந்துதான் வருது."

"அப்ப தூரம் குறையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைத் தொட்டியில் போட்டாள். பூவராகவன் அந்தப் பேச்சை ஆபீஸ் பூராவும் ஹிந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் டைரக்டர் ஒரு குறை கண்டுபிடித்தார். விடியற்காலையில் கோடு தடித்துப்போகிறது. எறும்பு மொய்த்தமாதிரி கசகசவென்று இருக்கிறது. ஹிமாலயத்தில் அந்த நேரத்தில் வரும் சின்னச் சின்ன அதிர்ச்சி எல்லாம் அதற்குள் காணாமல் போகிறது. ரோடு தூரம், ரயில் அதைவிடத் தூரம். பின்னால் இருப்பது இரண்டு வீடு. இரண்டையும் காலி செய்து யமுனைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம் என்றார்.

ஆபீஸில் எல்லோரும் பிஷ்ட்டைத்தான் பார்த்தார்கள். அவன் விடியற்காலையில் அடுப்புக்கு முள்மரம் வெட்டுகிறவன். அவன் கோடரிச் சத்தம் கேட்டில் நிற்கிறவர்களுக்கே கேட்கும். டீக்கடையில், கோடரிக்குச் சம்பளம் கொடுத்து அதையே பூகம்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று கேலி செய்தார்கள்.

இந்திராணிக்கு அதற்கு முன்பே தெரியும். பெரியண்ணன் இறந்தது அமாவாசையில். அதனால் அமாவாசையன்று அவள் உலக்கையைத் தொடுவதில்லை. அன்றைய காகிதத்தில் மட்டும் விடியற்காலைக் கோடு நூல் பிடித்தமாதிரி இருந்ததை இரண்டு மூன்று மாதமாகவே பார்த்திருந்தாள். பிஷ்ட் அமாவாசையிலும் விறகு வெட்டினான். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அரசாங்க வீட்டில் வியாபாரம் செய்தாள் என்று அவளை மட்டும் வெளியே போடுவார்கள். சொல்லாவிட்டால் இரண்டு குடும்பமும் போகும். மீனாக்ஷிக்குப் பரீட்சை வருஷம். நினைத்து நினைத்து அலுத்துப்போய், நாளைக்கு யோசிக்கலாம் என்று படுத்துவிடுவாள். காலையில் அரிசி ஊறியிருக்கும். எடுத்து இடித்துவிடுவாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்னால் எது என்று கண்டுபிடிக்கலாம் என்று டைரக்டரிடம் கேட்டு வாங்கினார் பூவராகவன். திங்கட்கிழமை விடியற்காலை பிஷ்ட் வீட்டில் கோடரி தொடக்கூடாது, இந்திராணி வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். செவ்வாய்க்கிழமை மாற்றிப் பார்க்கலாம். காலையில் என்ன செய்வீர்கள் என்று இந்திராணியைக் கேட்டார். சமைப்பேன் என்றாள். சமைத்தால் பூமி ஆடாது, பிஷ்ட்டாகத்தான் இருக்கும் என்று அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூரா அவளுக்கு ஒரே நினைப்பு. நாளைக்கு ஒரு நாள் உலக்கையைத் தொடாமல் இருந்தால் போதும். கோடு நேராக வரும். பிஷ்ட் கோடரி தொடாததால் நேராக வந்தது என்பார்கள். செவ்வாய்க்கிழமைக் கோட்டைக்கூட யாரும் சரியாகப் பார்க்கமாட்டார்கள். அதற்கப்புறம் மாவை விட்டுவிடலாம், வீடு நிற்கும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதற்கு அவள் உடம்பு எத்தனையோ நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இருட்டு பிரியும்போது பின்பக்கம் வந்தாள். பிஷ்ட் மனைவி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கிழவர் டீ கேட்டு முனகிக்கொண்டிருந்தார். விறகு வெட்டாததால் அடுப்பு பற்றவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் மூச்சுகூட மெதுவாகத்தான் விடுகிறோம் என்று ஹிந்தியில் சொன்னாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"நீ இடிக்கலையா தீதி? உன்னை வழக்கம்போல இருக்கச் சொன்னாங்களே."

கிழவர் மறுபடியும் முனகினார். இந்திராணி துணியில் பரப்பியிருந்த அரிசியைத் தொட்டுப் பார்த்தாள். இடிக்கிற பதம். உரலில் போட்டு, எந்த நாளும் இடிக்கிற மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் இடித்தாள்.

காலையில் காகிதம் இருட்டறைக்கு வந்தது. தொட்டியில் போட்டதும் கோடுகள் மெல்ல எழும்பி வந்தன. விடியற்காலைக் கோடு தடித்துக் கிடந்தது. வெள்ளை விளக்கின் ஸ்விட்ச் அவள் தலைக்கு மேலேயே இருந்தது. அதைப் போட்டால் காகிதம் முழுக்கக் கறுத்துவிடும், தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொன்னால் ஒரு திட்டோடு போகும். அவள் காகிதத்தை அலசிக் கொடியில் மாட்டினாள். பூவராகவன் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பிஷ்ட் கோடரியைத் தொட்டிருக்கான்."

"அவரு தொடலீங்க சார். நான்தான்."

"நீங்களா? நீங்க என்ன பண்ணினீங்க?"

"அரிசி இடிச்சேன். பின்னால, பாறை மேல வெச்சு. தினமும் இடிக்கிறதுதான்."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பாறையும் உள்ள கருவி நிக்கிற பாறையும் ஒண்ணுதாம்மா. நடுவுல பிடி மண்ணு கிடையாது. நீங்க கருவி தலைமேலயே இடிச்சிருக்கீங்க." காகிதத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, "போன வாரம் மோதி பாக்ல ஜெயலட்சுமி மாமி வீட்ல இடியாப்பம் சாப்பிட்டேன்" என்றார்.

"நம்ம மாவுதாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்திருப்பார்.

"வீடு போயிருங்களா சார்?"

"டைரக்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாது. இல்லேன்னா பிஷ்ட் பேர் கெட்டுடும்."

"சொல்லுங்க. அதுக்குத்தான் இடிச்சேன்."

டைரக்டர் அவளை நிற்கவைத்து வெகுநேரம் பேசினார். அரசாங்கத்துக் கருவி, ஹிமாலயம், விதிமுறை என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில், உரல் அன்றைக்கே மேட்டை விட்டு இறங்க வேண்டும், இனி ஒரு முறை கோடு தடித்தாலும் வீடு இல்லை என்று முடித்தார். பூவராகவன் அவளுக்காக என்ன சொன்னாரோ, அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பிஷ்ட் ஒரு கைவண்டி கொண்டுவந்தான். உரலை ஏற்றும்போது அவன் மனைவி கேட்டாள்.

"என் புருஷனை ஊரே கோடரி கோடரின்னுச்சு. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். பிஷ்ட் வண்டியை இறக்கத்தில் பிடித்துக்கொண்டு போனான். பத்து நாள் போல அந்த வீட்டிலிருந்து பேச்சு இல்லை. பேச்சு வந்தபோதும் பழைய மாதிரி இல்லை. காலையில் இந்திராணி கிளம்புவதைப் பார்த்துவிட்டு பிஷ்ட் மனைவி, உன் பெண்ணுக்கு ரொட்டி போட்டு வைக்கிறேன் என்று மட்டும், அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

உரல் இப்போது மோதி பாக்கில், ஜெயலட்சுமி அம்மாள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் இருந்தது. இந்திராணி ஈர அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் பிடிப்பாள். பை சொட்டிச் சொட்டிப் புடவைக் கரை நனையும். கண்டக்டர் முணுமுணுப்பான். அங்கே வெறும் மண். ஒவ்வொரு போடுக்கும் உரல் கொஞ்சம் அமிழும், பாதி பலத்தை மண் வாங்கிக்கொள்ளும். பாறையில் சீக்கிரம் பொடிந்த அரிசிக்கு இங்கே அதைப்போல இரண்டு பங்கு இடிக்க வேண்டியிருந்தது. தோள் திரும்பவும் வலிக்க ஆரம்பித்தது.

"அடியில ஒரு பலகைக் கல்லு போட்டுத் தரச் சொல்லட்டுமா? இப்படிப் புதையறதே" என்று ஒரு நாள் ஜெயலட்சுமி அம்மாள் கேட்டாள்.

"வேணாங்கம்மா. மண்ணுலயே கெடக்கட்டும்."

அங்கிருந்து ரிட்ஜுக்கு எத்தனையோ தூரம். ஒரு கல் போட்டால் எதுவும் ஆகாது என்று பூவராகவன் சொல்லியும் இருந்தார். இருந்தாலும் அவள் போடவில்லை. இடித்து முடித்து, சலித்து, மாவை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது யாரும் எழுப்பவில்லை. கண் விழித்தபோது பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் மேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.