மாமா ஏற்றிய மயில்மாணிக்கம்

எங்கள் மாமாவைப் பொறுத்தவரை, எண்ணெய் போட்டால் தீராத கோளாறு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். கடைகளுக்கு ஷட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். கதவு முனகினால் எண்ணெய், நாற்காலி முனகினால் எண்ணெய். ஒருமுறை என் தையல் மிஷினுக்கும் போட்டுவிட்டார். தைக்க வந்த வெள்ளைச் சட்டை முழுக்கக் கறை. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கீழே அவர் பட்டறை, பக்கத்தில் என் தையல் கடை, மாடியில் அவர்கள் வீடு. அந்த மாடிப்படியில்தான் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். (படியை வழுக்கவிட்டது மழை, மாமா அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.) எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நன்றாகத்தான் நடந்தாள். படியைக் கண்டால் மட்டும் பயந்து திரும்பிவிடுவாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். ஊர்க்கதை அத்தனையும் தெருவில் நின்று பேசித் தீர்த்தவள், ஜன்னலே கதியென்று கிடந்தாள். இப்படியே மாடியோடு முடங்கிவிடுவாளோ என்று எங்களுக்குக் கவலை.

விழுவதற்கு முன்பு பட்டறை வாசலில் ஒரு தொட்டியில் மயில்மாணிக்கம் விதை போட்டிருந்தாள். சீப்புப் பல் மாதிரி மெல்லிய இலை, சின்னச் சிவப்பு நட்சத்திரமாகப் பூ, எது கிடைத்தாலும் சுற்றிக்கொண்டு ஏறும் கொடி.

"அவ எறங்கி வரமாட்டேங்கறா. கொடிய மேல அனுப்பிடுவோம்" என்றார் மாமா. தொட்டியிலிருந்து ஜன்னல் வரை கம்பி இழுத்துக் கட்டினார். கட்டியவர் சும்மா இருந்திருக்கலாம். கம்பி நெடுக கிரீஸ் தடவிவிட்டார்.

கொடி ஆசையாகச் சுற்றி ஏறும். ஒரு காற்று அடித்தால் போதும், சரசரவென்று வழுக்கித் தொட்டியிலேயே வந்து உட்கார்ந்துவிடும். மாமா தூக்கிவிடுவார், அது மறுபடி இறங்கும். கிரீஸைப் போக்குகிறேன் என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். நுனியெல்லாம் கருகிப்போனது.

"மாமா, இது ஷட்டர் இல்ல. ஏறணும்னா அதுக்குப் பிடிப்பு வேணும்" என்று சத்தம் போட்டேன்.

"வழுவழுன்னு இருந்தா சுலபமா ஏறும்னு நெனச்சேம்மா" என்று அசடு வழிந்தார்.

கம்பியைக் கழற்றிவிட்டுச் சணல் கயிறு கட்டினோம். ஆனால் பிழைத்த கொடி பட்டறையின் சன்ஷேடு வரைதான் ஏறியது. அங்கேயே நின்று பூக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒரே சிவப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ரசித்தார்கள். பார்க்க வேண்டியவளுக்கு மட்டும் சன்ஷேடு மறைத்தது. ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என் செடி, எனக்கு மட்டும் தெரியல!" என்று எரிந்து விழுந்தாள். பறித்துக்கொண்டு போனாலோ, மாடி ஏறுவதற்குள் பூ துவண்டுவிடும். மாமாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஏணியில் நின்று, சன்ஷேடைத் தாண்டி வருமாறு கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்திருந்தேன்.

"இவ்ளோ பூத்திருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா! குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். உடம்பெல்லாம் தூசி, முகமெல்லாம் வேர்வை.

"யாரு உன்னத் தனியா எறங்கச் சொன்னது?" என்று கத்தினார் மாமா. கத்தும்போதே குரல் உடைந்தது. ஏணியிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்று அழுதார். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா எங்கள் இருவரையும் சட்டை செய்யவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே வந்து, ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்த்தாள்.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கொஞ்சம் பொறு. சீக்கிரம் ஜன்னலுக்கே வந்துடும்" என்றார்.

"மேல ஏத்தாதீங்க" என்றாள் அக்கா. "இங்கயே இருக்கட்டும். நான் வர்றேன்."